நான்காம் எண் கறை

வல்லம் வடகால் தொழிற்பேட்டையில் கார்களுக்கு ரப்பர் குழாய் செய்யும் கம்பெனி ஒன்று இருக்கிறது. அதற்குள் நுழைகிறவர்கள் முதலில் வாசல் பிள்ளையாரைக் கும்பிடுவார்கள், அடுத்து கைஸன் போர்டை. பிள்ளையாருக்கு ஒரு சீரோ வாட் பல்புதான். போர்டுக்குப் பன்னிரண்டு அடி நீளத்தில் கண்ணாடிக் கதவும் உள்ளே நான்கு டியூப்லைட்டும் உண்டு.

கைஸன் என்றால் ஜப்பான்காரர்கள் பாஷையில் சின்னச் சின்னதாக முன்னேறிக்கொண்டே போவது என்று அர்த்தமாம். இந்தக் கம்பெனியில் அதற்கு அர்த்தம் இரண்டு போட்டோ. இடது பக்கம் ‘பிஃபோர்’, வலது பக்கம் ‘ஆஃப்டர்’, நடுவில் ஒரு பச்சை அம்பு. இடப்பக்கத்து உலகம் கண்ணராவியாக இருக்கும். அம்பைத் தாண்டினால் அதே உலகம் குளித்து, தலைவாரி, பவுடர் போட்டுக்கொண்டு நிற்கும். ஒவ்வொரு லைனும் மாதம் நான்கு ஜோடி தந்தாக வேண்டும். தராத லைனின் பெயருக்கு நேரே சிவப்பு வட்டம் ஒட்டுவார்கள். சிவப்பு வட்டம் வாங்கியவர் காலைக் கூட்டத்தில் முன்வரிசையில் நின்று, தான் ஏன் முன்னேறவில்லை என்று விளக்க வேண்டும்.

கம்பெனி தொடங்கிய இரண்டு வருடம் முன்னேற நிறைய இருந்தது. மூன்றாம் வருடம் ஸ்பேனர் மாட்டும் ஆணி வரைக்கும் எல்லாமே முன்னேறி முடிந்துவிட்டன. ஆனால் அடுத்த மூன்று வருடமும் மாதம் நான்கு என்ற கணக்கு மட்டும் குறையவில்லை. ஆகவே, முன்னேறுவதற்காக முதலில் கெட்டுப்போக வேண்டியிருந்தது. மூன்றாம் லைனில் ஒரு டம்ளர் பழைய எண்ணெயைத் தரையில் ஊற்றுவார்கள். ஒரு போட்டோ. பிறகு லூர்தம்மாளைக் கூப்பிடுவார்கள். அவள் மாப்போடு வந்து துடைப்பாள். இன்னொரு போட்டோ. முன்னேற்றம் முடிந்தது.

லூர்தம்மாள் கான்ட்ராக்டில் வந்த ஹவுஸ்கீப்பிங் பெண். ஐம்பத்திரண்டு வயது. காலை ஆறு நாற்பதுக்கு வந்து, ஷிப்ட் தொடங்குவதற்குள் மூன்றாம் லைன் தரையை முகம் பார்க்கிற மாதிரி ஆக்கிவிடுவாள். அந்தத் தரையின்மேல் எண்ணெய் ஊற்றுவதைப் பார்த்த முதல் நாளே கேட்டுவிட்டாள்.

“இன்னா தம்பி, நீங்களே ஊத்திகினு, நீங்களே படம் புட்சிகினு, அப்பால என்னியக் கூப்ட்டு தொடைன்றீங்க. ஊத்தாமயே இருந்தா ஊட்டுக்குச் சீக்கிரம் போலாம்ல எல்லாரும்?”

கேட்கப்பட்ட தம்பி, தரப் பிரிவில் வேலை செய்யும் புருஷோத்தமன். தண்டலத்துக்காரன், முப்பத்தாறு வயது. கஸ்டமருக்குக் காட்டணும்க்கா என்றான். கஸ்டமருக்கு அழுக்கைக் காட்டுவது எந்த ஊர் மரியாதை என்று அவள் கேட்கவில்லை.

இந்த முறை மாறியதற்குக் காரணம் ஆலைத் தலைவர் தசரதன். ஒருநாள் ரவுண்ட்ஸ் வந்தவர், அந்த மாத முன்னேற்றத்துக்காக ஊற்றி வைத்திருந்த எண்ணெயில் கால் வைத்தார். மூன்றாம் லைனின் அன்றைய மிக வேகமான நகர்வு அதுதான். எழுந்தவர் பேன்ட்டைத் தட்டிவிட்டுக்கொண்டு, இனி யாரும் தரையில் எதையும் ஊற்றக் கூடாது, உலகமே டிஜிட்டல் ஆகிவிட்டது, நாமும் ஆகலாம் என்றார். மறுவாரமே பயிற்சி வகுப்பு வந்தது: ‘ஆரம்ப நிலையினருக்கான டிஜிட்டல் போட்டோகிராபியும் எடிட்டிங்கும்.’

பயிற்சியாளரின் பெயர் வனமாமலை. கழுத்தில் கேமரா, கையில் கேமரா, விசிட்டிங் கார்டில் ‘காட்சிவழிக் கதைசொல்லி’. வகுப்பில் நாற்பது பேர். கம்பெனிக்குள் யாரும் படம் எடுக்கக் கூடாது என்பதால், கேட்டிலேயே எல்லோருடைய போன் கேமராவின் மேலும் செக்யூரிட்டி ஸ்டிக்கர் ஒட்டிவிடுவார். ஆக, நாற்பது பேரும் கண்ணைக் கட்டிய கேமராக்களை வைத்துக்கொண்டு போட்டோகிராபி கற்றார்கள். கம்பெனிக்கே சொந்தமான ஒரே ஒரு போனுக்கு மட்டும் பார்வை உண்டு. அதன் முதுகில் ‘அனுமதி பெற்றது’ என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, சீல் வைத்திருந்தார்கள். அதைத் தீர்த்தம் மாதிரி வரிசையாகக் கைமாற்றிக்கொண்டார்கள்.

மதியச் சாப்பாடு வரைக்கும் வனமாமலை ஒளியைப் பற்றிப் பேசினார். ஒளி ஒரு தாய், நிழல் அவள் மடி, கேமரா அந்த மடியில் கிடக்கும் குழந்தை என்கிற ரீதியில் போயிற்று. பிரியாணிக்குப் பிறகு பாதிப் பேர் தூங்கிவிட்டதால் அவருக்கும் சுருதி இறங்கிவிட்டது. அந்தக் கடைசி முக்கால் மணி நேரத்தில்தான் உருப்படியாக நாலு விஷயம் சொன்னார். விழித்திருந்த சிலரில் புருஷோத்தமன் ஒருவன். நோட்டில் எழுதிக்கொண்டான்.

ஒரிஜினலைத் தொடாதே, காப்பி எடுத்து அதில் வேலை செய். முதலில் கோணலை நேராக்கு. தரையும் சுவரும் சாய்ந்திருந்தால் மற்றது எது சரியாக இருந்தும் பிரயோஜனமில்லை. படத்துக்கு வேண்டாததை ஓரத்திலிருந்து வெட்டு. இருட்டாக இருக்கிறதென்று மொத்தமாக வெளிச்சத்தை ஏற்றாதே, வெள்ளையெல்லாம் வெந்துபோகும். நிழலை மட்டும் கொஞ்சம் தூக்கு. டியூப்லைட் வெளிச்சம் படத்துக்கு மஞ்சளும் பச்சையுமாகக் காமாலை பிடிக்க வைக்கும். படத்தில் நிஜமாகவே வெள்ளையாக உள்ள ஒன்றை, ஒரு காகிதமோ சுவரோ, தொட்டுக் காட்டி, இதுதான் வெள்ளை என்று சொல்லிவிடு. மற்ற நிறமெல்லாம் தானே ஒழுங்குக்கு வரும். புள்ளி, கறை எடுப்பதென்றால் படத்தைப் பெரிதாக்கி, சின்ன பிரஷ்ஷால், பக்கத்துத் தரையிலிருந்தே எடுத்துப் பூசு. வெளிச்சம் வரும் திசை மாறக் கூடாது, ஓரம் கத்தி மாதிரி இருக்கக் கூடாது. எல்லாம் முடிந்ததும் போனைக் கீழே வைத்துவிட்டு ஒரு டீ குடி. திரும்பி வந்து பார்த்து, செய்த ஒவ்வொன்றையும் பாதியாகக் குறை. புதிதாகக் கற்றவன் கெடுவது தெரியாமையால் அல்ல, நிறுத்தத் தெரியாமையால். கடைசியாக, ஒரு குறையை விட்டு வை. ரொம்பச் சுத்தமாக இருப்பதைக் கண் நம்பாது.

கேள்வி நேரத்தில் புருஷோத்தமன் மட்டும் எழுந்தான். “சார், இதையெல்லாம் தலைகீழாவும் செய்யலாமா?”

இப்படி ஒரு தத்துவக் கேள்வியைத் தன் இருபது வருடத் தொழிலில் யாரும் கேட்டதில்லை என்று சொல்லி, வனமாமலை கைதட்டினார். தூங்கியவர்களும் எழுந்து தட்டினார்கள்.

புருஷோத்தமன் தத்துவமாகக் கேட்கவில்லை. அடுத்த மாதத்திலிருந்து செய்து காட்டினான். காலை ஏழு பத்துக்கு, லூர்தம்மாள் துடைத்து முடித்த ஈரம் காய்வதற்குள், அனுமதி பெற்ற போனோடு மூன்றாம் லைனுக்கு வருவான். ஒரே ஒரு படம் எடுப்பான். அதை அப்படியே ‘ஆஃப்டர்’ ஆக்குவான். அதன் காப்பியில் உட்கார்ந்துகொண்டு, படித்த பாடத்தையெல்லாம் பின்பக்கமாக நடத்துவான். நேராக இருந்ததை இரண்டு டிகிரி சாய்ப்பான். நிழலை இன்னும் அமுக்குவான். வெள்ளைச் சுவரைக் காமாலை ஆக்குவான். இடம் நெருக்கடியாகத் தெரியும்படி நான்கு பக்கமும் வெட்டுவான். அப்புறம் கறை.

கறைக்காக ஒரு ஞாயிற்றுக்கிழமை தண்டலம் கூட்டு ரோட்டில் இருக்கும் டூ வீலர் ஒர்க்‌ஷாப்புக்குப் போய், தரையில் கிடந்த எண்ணெய்த் தேக்கங்களைத் தன் சொந்த போனில் படம் எடுத்து வந்தான். மெக்கானிக், இவன் ஏதோ கேஸ் போட வந்திருக்கிறான் என்று பயந்து டீ வாங்கிக் கொடுத்தார். மொத்தம் ஒன்பது கறை. நம்பர் போட்டு வைத்துக்கொண்டான். அதில் நான்காம் எண் கறைதான் அருமை. நடுவில் கருப்பு, ஓரத்தில் மயில் கழுத்து மினுக்கம், ஒரு பக்கம் செருப்பு மிதித்துத் தேய்ந்த அடையாளம். ஆறு மாதத்தில் நான்காம் எண் கறை பதினொரு முறை மூன்றாம் லைனில் தோன்றி, பதினொரு முறை துடைக்கப்பட்டது. சில மாதம் திருப்பிப் போடுவான், சில மாதம் பெரிதாக்குவான். டீ குடித்துவிட்டு வந்து பாதியாகக் குறைப்பான்.

தசரதனுக்கு உச்சி குளிர்ந்தது. “பிஃபோர் வலிக்கணும் புருஷோத். பார்க்கிறவனுக்கு வலிக்கணும். உன்னோடது வலிக்குது” என்பார். வலித்த படங்களையெல்லாம் எடுத்துக்கொண்டு ஏதோ மாநாட்டுக்குப் போய், தங்க முலாம் பூசிய கோப்பை ஒன்றை வாங்கி வந்தார். அதை ஆஸ்பத்திரியிலிருந்து பச்சைப் பிள்ளையைக் கொண்டுவருகிற மாதிரி இரண்டு கையிலும் ஏந்தி, ஒவ்வொரு லைனாகக் காட்டினார். புருஷோத்தமனும் அதன் ஒரு காதைப் பிடித்துக்கொண்டு படம் எடுத்துக்கொண்டான். வாட்ஸ்அப்பில் அவனுடைய முகப்படம் அன்று முதல் அதுதான்.

வனமாமலையின் முதல் பாடத்தை மட்டும் கம்பெனி அவனைக் கடைப்பிடிக்க விடவில்லை. ரகசியம் வெளியே போய்விடக் கூடாது என்று, ஒவ்வொரு மாதம் ஒன்றாம் தேதியும் கம்ப்யூட்டர் பிரிவு அந்த போனைத் துடைத்துச் சுத்தமாக்கிவிடும். ஒரிஜினல் எதுவும் மிஞ்சாது. போர்டில் ஒட்டிய பிரிண்ட்தான் மிஞ்சும்.

அந்த பிரிண்ட்டுகளின் முன்னால்தான் வெளிநாட்டுக் கஸ்டமரின் ஆடிட்டர் வந்து நின்றார். ஒல்லியான மனிதர், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நடப்பவர். எல்லோரும் வலது பக்கத்தைக் காட்டக் காட்ட, அவர் இடது பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆறு மாதத்து பிஃபோர்களைப் பார்த்து முடித்துவிட்டு, மூன்றாம் லைனில் மாதாமாதம் தரையில் எண்ணெய் கிடக்கிறதே, மாதாமாதம் துடைக்கிறீர்களே, அது ஏன் திரும்பத் திரும்ப வருகிறது என்று கேட்டார். நல்ல கேள்விதான். கோப்பை வாங்கியும் கம்பெனியில் ஒருவருக்கும் தோன்றாத கேள்வி. மூல காரணத்தைக் கண்டுபிடித்துப் பத்து நாளில் எழுதி அனுப்பச் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

மூல காரணம் கண்டுபிடிக்க ஒரு முறை உண்டு. ஐந்து தடவை ‘ஏன்’ என்று கேட்க வேண்டும். ஏசி அறையில் பிஸ்கட் தட்டோடு கேட்டார்கள். தரையில் ஏன் எண்ணெய்? மெஷின் ஒழுகியிருக்கலாம். மெஷின் ஏன் ஒழுகிற்று? ஒழுகவில்லை என்று பராமரிப்புப் பிரிவுத் தலைவர் எழுத்திலேயே கொடுத்தார். அது உண்மையும்கூட. அப்படியானால் ஆபரேட்டர் ஏன் சிந்தினார்? ஆபரேட்டர்கள் நிரந்தரத் தொழிலாளிகள், அவர்களுக்குச் சங்கம் இருக்கிறது, அந்த ஏனைக் கேட்டவர் அவரே வாபஸ் வாங்கிக்கொண்டார். இப்படியே ஒவ்வொரு படியாகக் கீழே இறங்கி, ஐந்தாவது ஏன் வந்து நின்ற இடத்தில் லூர்தம்மாள் மாப்போடு நின்றிருந்தாள். அவளுக்குக் கீழே தரைதான். தரையைக் குற்றம் சொல்ல முடியாது. ‘ஹவுஸ்கீப்பிங் பணியாளரின் தொடர் அலட்சியம். ஒன்றாம் தேதி முதல் மாற்றப்படுவார்’ என்று எழுதி முடித்தார்கள்.

படம் எடுத்தவன் என்ற முறையில் புருஷோத்தமனும் அந்த அறையில் இருந்தான். இரண்டு பிஸ்கட் தின்றான். வாயில் பிஸ்கட் இருந்ததால் பேசவில்லை என்று பிற்பாடு தனக்குத்தானே சொல்லிப் பார்த்தான். அது அவனுக்கே ஒட்டவில்லை.

மறுநாள் டீ இடைவேளையில், கேண்டீனுக்குப் பின்னால் தண்ணீர்த் தொட்டி ஓரமாக லூர்தம்மாள் அவனைப் பிடித்தாள். அழவில்லை. அவளுடைய புருஷனுக்கு இரண்டு கிட்னியும் போய் ஒன்றரை வருடம். வாரம் இரண்டு முறை ரத்தம் சுத்தம் செய்ய வேண்டும். அது அவளுடைய இ.எஸ்.ஐ. அட்டையில் ஓடுகிறது. இந்த வேலை போனால் அட்டை போகும். இதையெல்லாம் பஸ் நேரம் சொல்வது மாதிரி சொன்னாள்.

“அந்த கார்டு கீற வரைக்கும்தான் அந்த ஆளு. புரிதா? அத வுடு. நான் ஒண்ணு கேக்கறேன், சொல்லு. மாசா மாசம் ஏழு மணிக்கு வந்து படம் புட்ச்சியே. நீ வர்றப்ப ஒரு நாளாச்சும் தரைல கறை இருந்துச்சா?”

“இல்லக்கா.”

“அத அவங்கள்ட்ட போய்ச் சொல்லு. வேற ஒண்ணும் வாணாம்.”

சொல்லிடறேன்க்கா என்றான். அன்று சொல்லவில்லை. மறுநாள் தசரதன் மீட்டிங்கில் இருந்தார். அதற்கு மறுநாள் மீட்டிங்கில் இல்லை, ஆனால் நல்ல மூடில் இருந்தார். நல்ல மூடைக் கெடுப்பானேன் என்று திரும்பி வந்தான். அந்த வருடத்து ‘கைஸன் நாயகன்’ விருதுக்கு அவன் பெயர்தான் போயிருக்கிறது என்று யாரோ சொன்னார்கள். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று எண்ணிக்கொண்டான். சம்பந்தமில்லாததை அன்று முழுக்க எண்ணிக்கொண்டிருந்தான். இருபத்தெட்டாம் தேதி காலையில் லூர்தம்மாள் அவனைப் பார்த்தும் ஒன்றும் கேட்காமல் மாப்பைப் பிழிந்துகொண்டு போனாள். அது தாங்கவில்லை. நேராகப் போர்டுக்குப் போய், ஒரு ஜோடிப் படத்தைக் கண்ணாடிக்குள்ளிருந்து பெயர்த்துக்கொண்டு தசரதனின் அறைக்குள் நுழைந்தான். பணியாளர் பிரிவு மேலாளர் மஞ்சுளாவும் அங்கே இருந்தார்.

சொல்லிவிட்டான். கறை நிஜமில்லை, தானே போட்டது, லூர்தம்மாள் தரையை ஒருநாளும் அழுக்காக விட்டதில்லை என்று ஒரே மூச்சில் சொன்னான். ஆதாரமும் கொண்டு வந்திருந்தான். இரண்டு படத்தையும் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தான். வலது படத்தில், கன்வேயர் காலுக்குப் பக்கத்தில், மாப் இழுத்த ஈரக்கோடு ஒன்று மீன்முள் மாதிரி காயாமல் கிடந்தது. இடது படத்திலும், இருட்டுக்குள், அதே மீன்முள். அதே இடத்தில்.

மஞ்சுளா மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு குனிந்து பார்த்தார். கெட்டிக்காரப் பெண்மணி. புரிந்துவிட்டது.

“ரெண்டும் ஒரே போட்டோ.”

“ஆமா மேடம்.”

“அப்போ ஒண்ணு எடிட் பண்ணது.”

“ஆமா மேடம். பிஃபோர்.”

“எப்படித் தெரியும்?”

“நான்தான் மேடம் பண்ணேன்.”

“அது சரி. ஒரிஜினல் எங்க?”

போனைத் துடைத்துவிட்டார்கள் என்றான். துடைக்கச் சொல்லிச் சுற்றறிக்கை அனுப்பியது மஞ்சுளாதான் என்பதால் அதற்கு மேல் அதைப் பேச முடியவில்லை. கறையை எங்கிருந்து எடுத்தான் என்று காட்டலாம், ஒன்பதும் அவனுடைய சொந்த போனில் இருக்கின்றன என்று சொல்ல வாயெடுத்தான். அதற்குள் தசரதன் நாற்காலியைத் திருப்பிக்கொண்டு, அலமாரியில் இருந்த கோப்பையைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே பேசினார்.

“புருஷோத், ஒரு மனுஷன் அழுக்கா இருக்கறத சுத்தமா காட்டுவான். உலகத்துல எல்லாரும் அதத்தான் பண்றாங்க. சுத்தமா இருக்கறத எவனாவது அழுக்காக்குவானா?”

“மாசம் நாலு பண்ணோம் சார்.”

மாசம் நாலு என்றால் மூன்று வருடத்துக்கு எத்தனை, எத்தனை லைன் என்று தசரதன் மனசுக்குள் ஓடியிருக்க வேண்டும். மஞ்சுளா வலது பக்கத்துப் படத்தை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார்.

“எனக்கு இதுதான் சார் உறுத்துது. ரப்பர் அழுத்துற ஒரு பிரஸ் ஷாப் தரை இப்படிப் பளபளன்னு இருக்குமா? பாருங்க, கன்வேயரோட நிழல் கண்ணாடில விழுற மாதிரி விழுது. இடது பக்கம் நேச்சுரலா இருக்கு. இதுதான் செயற்கையா இருக்கு.”

ரொம்பச் சுத்தமாக இருப்பதைக் கண் நம்பாது. புருஷோத்தமன் நோட்டில் இரண்டு முறை அடிக்கோடு போட்டு வைத்திருந்த வரி. லூர்தம்மாள் அந்த வகுப்புக்கு வரவில்லை. ஒரு குறையை விட்டு வைக்க அவளுக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

கால் மணி நேரத்தில் உண்மை முடிவாயிற்று. புருஷோத்தமன் ஆர்வக்கோளாறில், போர்டு நன்றாக இருக்க வேண்டுமென்று ஆஃப்டர் படத்தை எடிட் செய்துவிட்டான். நல்ல எண்ணம்தான், ஒரு வாய்மொழி எச்சரிக்கை போதும். கறை நிஜம். அப்படியென்றால் அது துடைக்கப்படவே இல்லை. அதுவரைக்கும் லூர்தம்மாள் மேல் இருந்த குற்றம், சரியான நேரத்தில் துடைக்கவில்லை என்பது. அவன் போய் உண்மையைச் சொன்ன பிறகு அது, ஆறு மாதமாகத் துடைக்கவே இல்லை என்று ஆயிற்று. வேறு இடத்துக்கு மாற்றலாம் என்று நினைத்திருந்த கான்ட்ராக்டர், இதைக் கேட்டதும் தன் பட்டியலிலிருந்தே பெயரை அடித்துவிட்டார்.

சேதி தெரிந்தும் லூர்தம்மாள் அவனைத் திட்டவில்லை. ஒன்றாம் தேதிக்குப் பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமை காலை, இஸ்திரி போட்ட நீலப் புடவையும் தலையில் பூவுமாகத் தண்டலத்தில் அவன் வீட்டுக்கே வந்துவிட்டாள். அவன் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு, உள்ளே வாங்கக்கா என்றான். இருங்காட்டுக்கோட்டையில் வேறொரு கான்ட்ராக்டர் ஹவுஸ்கீப்பிங்குக்கு ஆள் எடுக்கிறாராம். வாட்ஸ்அப்பில் போட்டோ அனுப்பினால் போதும், போட்டோவைப் பார்த்துத்தான் பொறுக்குகிறார், நாற்பது வயதுக்கு மேல் தெரிந்தால் பதிலே வருவதில்லை என்று பக்கத்து வீட்டுக்காரி சொன்னாளாம்.

“அங்க இல்லாத கறைய வெச்ச. இங்க கீறத எடுத்துடு. கணக்கு சரியாப் பூடும்” என்றாள். குத்திக்காட்டுகிற குரலில்கூட இல்லை.

அவளை வெள்ளைச் சுவர் முன்னால், ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி உட்கார வைத்தான். தோளை நேராக்கச் சொன்னான். மூன்று படம் எடுத்தான். காப்பி எடுத்துக்கொண்டு வேலையில் இறங்கினான். சுவரைத் தொட்டு, இதுதான் வெள்ளை என்று சொன்னான். முகத்தின் பழுப்பு தெளிந்தது. கண்ணுக்குக் கீழே இருந்த கருமையைக் கொஞ்சமாகத் தூக்கினான். நெற்றிக் கோடுகளைக் கன்னத்துத் தோலை எடுத்துப் பூசி மறைத்தான். காதோர நரையைக் கருப்பாக்கினான். அவன் மனைவி டீ கொண்டு வந்து வைத்தாள். போனைக் கீழே வைத்துவிட்டு இருவரும் டீ குடித்தார்கள். குடித்துவிட்டுத் திரும்ப எடுத்துப் பார்த்தபோது, செய்ததைப் பாதியாகக் குறைக்க வேண்டும் என்பது அவனுக்கு ஞாபகம் இருந்தது. குறைக்கவில்லை. மோவாய்க்குக் கீழே இருந்த மடிப்பையும் எடுத்தான். உதட்டோரத்துக் கோடு இரண்டையும் எடுத்தான். எடுக்க எடுக்க மனசு லேசாவது போல் இருந்தது. ஆறு மாதத்தில் வைத்ததையெல்லாம் அந்த ஒரு முகத்திலிருந்து எடுத்துவிடுகிறவன் மாதிரி எடுத்தான்.

லூர்தம்மாள் போனை வாங்கித் தூரமாகப் பிடித்துப் பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள்.

“எங்கம்மாவுக்கு இப்டி ஒரு பொண்ணு இல்லியே தம்பி” என்றாள். ஆனாலும் வாங்கிக்கொண்டு போனாள்.

கான்ட்ராக்டரிடமிருந்து பத்து நிமிடத்தில் பதில் வந்ததாம். புதன்கிழமை வேலைக்குச் சேரச் சொல்லியிருக்கிறார். புதன்கிழமை மதியம் அவனே போன் செய்து கேட்டான். அவள் கேட்டைத் தாண்டவே இல்லை. செக்யூரிட்டி கையில் அந்தப் படம் ஒட்டிய பாஸ் இருந்திருக்கிறது. பாஸைப் பார்த்திருக்கிறார், அவளைப் பார்த்திருக்கிறார்.

“‘போட்டோல கீற பொண்ண அனுப்பும்மா, நீ எதுக்கு வந்த’ன்றான். நான்தான்யான்னேன். சிரிச்சிகினே வெளிய நிக்க வெச்சிட்டான். அப்பால கான்ட்ராக்டரு வந்து, ஏமாத்தி உள்ள வரப் பாக்கறியான்னு கத்திட்டுப் போனாரு. சுத்துப்பட்டுல எல்லாருக்கும் சொல்லிட்டாராம்.”

வேறு போட்டோ எடுக்கலாம்க்கா, சும்மா எடுத்தது எடுத்தபடியே அனுப்பலாம் என்றான் புருஷோத்தமன்.

“வாணாம் தம்பி. நீ இனிமே எனக்கு எதையும் எடுக்காத, வெக்காத” என்று சொல்லி வைத்துவிட்டாள். பின்னால் ஆஸ்பத்திரியில் டோக்கன் நம்பர் கூப்பிடும் சத்தம் கேட்டது. அட்டை எது வரைக்கும் செல்லும் என்று அவன் கேட்கவில்லை.

மூன்றாம் லைனுக்குப் புதிதாக ஆள் வரவில்லை. ஏற்கெனவே இரண்டு லைன் பார்த்துக்கொண்டிருந்த பெண்ணையே மூன்றாவதையும் பார்க்கச் சொன்னார்கள். அவள் அங்கே வந்து சேர மணி ஒன்பதரை ஆகும். அடுத்த மாத முன்னேற்றத்துக்காகப் புருஷோத்தமன் காலை ஏழு பத்துக்கு, அனுமதி பெற்ற போனோடு வந்து நின்றபோது, மூன்றாம் லைன் தரையில் கறை இருந்தது. இரண்டாவது பிரஸ் மெஷினின் அடியிலிருந்து கசிந்து, கன்வேயர் கால் வரைக்கும் ஓடியிருந்தது. ஒழுகாது என்று எழுதிக் கொடுத்திருந்த மெஷின்தான். குனிந்து விரலால் தொட்டுப் பார்த்தான். எண்ணெய்தான். பிசுபிசுவென்று இருந்தது.

படம் எடுத்தான். சாய்க்கவில்லை, இருட்டாக்கவில்லை, எதையும் ஒட்டவில்லை. அப்படியே பிஃபோர் என்று பெயர் போட்டு, தசரதனின் ஒப்புதலுக்கு அனுப்பினான். மூன்று வருடத்தில் அந்தக் கம்பெனியின் முதல் நிஜ பிஃபோர்.

அரைமணி நேரத்தில் தசரதன் கூப்பிட்டார்.

“என்ன புருஷோத், இந்த மாசம் கை தளர்ந்துபோச்சா? கறை ஒட்டல. வரைஞ்ச மாதிரி இருக்கு. வழக்கமா ஒண்ணு போடுவியே, ஓரத்துல மினுக்கிக்கிட்டு, அது எவ்ளோ நேச்சுரலா இருக்கும்? அதையே போடேன்.”

“சரி சார்” என்றான்.

காப்பி எடுத்துக்கொண்டு, படத்தைப் பெரிதாக்கி, பக்கத்திலிருந்த நல்ல தரையைச் சின்ன பிரஷ்ஷால் எடுத்து, நிஜக் கறையைக் கொஞ்சம் கொஞ்சமாக மூடினான். தரை பளிச்சென்று ஆனதும் அதை வேறாக ஆஃப்டர் என்று சேமித்துக்கொண்டான். பிறகு இன்னொரு காப்பியில், கன்வேயர் காலுக்குப் பக்கத்தில், நான்காம் எண் கறையை வைத்தான். டீ குடிக்கப் போனான். எட்டே முக்காலுக்கு ஒப்புதல் வந்தது. அந்த நேரத்தில் எண்ணெய் கன்வேயர் காலைத் தாண்டி, நடைபாதையின் மஞ்சள் கோட்டைத் தொட்டிருந்தது.